ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருந்த அந்தக் கேள்விக்குறி

இந்தத் தடவை வந்த கடிதம் நீளமானது. ஊர், பெயர், வைத்தியசாலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவருக்கு 36 வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வீடு, பாடசாலை ஆசிரியை. கல்யாணமாகி ஐந்து வருஷம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை சனி இரவு வந்து திங்கள் விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவார். மாதவிடாய் 27, 28 நாளுக்கு ஒரு தடவை சரியாக வருகிறது, ஆனால் வந்தால் எட்டு நாள் நிற்காது, கட்டி கட்டியாகப் போகிறது, வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போதே தலை சுற்றுகிறது. ஹீமோகுளோபின் 8.9. ஸ்கேனில் கர்ப்பப்பையின் பின்பக்கச் சுவருக்குள் 5.2 சென்டிமீட்டரில் ஒரு பைப்ரொயிட் (கர்ப்பப்பைத் தசையில் வளர்கிற கட்டி), மேலே வெளிப்பக்கமாக 3 சென்டிமீட்டரில் இன்னொன்று. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பார்த்த டொக்டர், வயிற்றைத் திறந்து கட்டியை எடுத்துவிட்டு அப்புறம் பிள்ளைக்கு முயற்சி செய்யலாம் என்றார். கண்டியில் பிரைவேட்டாகப் பார்த்தவரோ, 36 ஆகிவிட்டது, ஒப்பரேஷனுக்கு நேரம் செலவழிக்காமல் நேரே ஐவிஎஃப் (முட்டையையும் விந்தையும் வெளியே சேர்த்துக் கருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கிற முறை) போங்கள் என்றார். மாமியார் சொல்வது மூன்றாவது கட்சி: கத்தி வைத்தால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள், கட்டி என்றாலே கேன்சர்தான், கஷாயம் குடி. கையில் சீட்டுக் காசு கொஞ்சம், நகை கொஞ்சம், ஏதாவது ஒன்றுக்குத்தான் போதும். "ஒருத்தர் வெட்டு என்கிறார், ஒருத்தர் வெட்டாதே என்கிறார். நான் யாருடைய பேச்சைக் கேட்பது டொக்டர்? அவருக்கு எந்தக் குறையும் இல்லை, குறை என்னிடம்தான், அதனால்தான் தைரியமாகக் கேட்கக்கூட முடியவில்லை" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, கடைசி வரியில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதத்தில் பிழையான வரி அதுதான். அவருக்குக் குறை இல்லை என்று எப்படித் தெரியும்? ஐந்து பக்கம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் இரத்தம், ஸ்கேன், மாத்திரை எல்லாம் இருக்கிறது, அவருடைய விந்துப் பரிசோதனை பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆள் திடகாத்திரமாக இருக்கிறார், பீடி சிகரெட் இல்லை, தாம்பத்தியத்தில் பிரச்சினை இல்லை என்பதெல்லாம் அந்தப் பரிசோதனைக்குப் பதிலாகாது. பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் தம்பதிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரில் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கும், தனியாகவோ பெண் பக்கத்துக் காரணத்தோடு சேர்ந்தோ. அதைப் பார்க்காமல் உங்கள் வயிற்றைத் திறப்பது எனக்குச் சம்மதமில்லை. உங்களை ஐவிஎஃப்புக்கு அனுப்புவதும் அப்படித்தான்.

இரண்டு டொக்டரும் பொய் சொல்லவில்லை

ஒருவர் உங்கள் இரத்தப்போக்கையும் கட்டியையும் பார்த்தார். மற்றவர் உங்கள் வயதைப் பார்த்தார். இரண்டும் உண்மையான கவலைகள். ஆனால் நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது: கர்ப்பப்பையின் உட்படலம் தள்ளப்பட்டிருக்கலாம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஸ்கேன் செய்தவருக்கே அது தெளிவாகத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் தெரியாமல்தான் ஒருவர் வெட்டு என்கிறார், மற்றவர் வெட்டாதே என்கிறார்.

ஏன் அந்த ஒரு குறி இவ்வளவு முக்கியம்? லயத்துக் காம்பராவை, தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையை, நினைத்துக்கொள்ளுங்கள். சுவரின் வெளிப்பக்கம், வாசல் பக்கமாக ஒரு புடைப்பு இருந்தால் உள்ளே படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதே புடைப்பு உள்பக்கமாக, பாய் விரிக்கிற இடத்தில் வந்தால் யாரும் படுக்க முடியாது. சுவருக்கு நடுவிலே இருந்தால் எவ்வளவு பெரிசு, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது. கரு தங்குகிற இடம் அந்த உள்ளறைதான். பைப்ரொயிட் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்கிறவர்கள்தான் அதிகம், அது எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற 2 சென்டிமீட்டர், வெளியே தொங்குகிற 7 சென்டிமீட்டரை விடக் கெடுதல் செய்யும்.

இதற்கு டொக்டர்மார் 0 முதல் 8 வரை ஒரு இலக்க முறை வைத்திருக்கிறார்கள், 2011 இல் மகப்பேற்று நிபுணர்களின் உலகச் சம்மேளனம் கொண்டுவந்தது. 0, 1, 2 என்றால் உள்ளறைக்குள் நீட்டுகிறது. 3 என்றால் முழுக்கச் சுவருக்குள்தான், ஆனால் உட்படலத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. 4 சுவருக்குள் மட்டும். 5, 6, 7 வெளிப்பக்கம். அடுத்த கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "டொக்டர், என்னுடைய கட்டி எந்த நம்பர்?" இப்படிக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

நம்பர் தெரிந்தால் பாதி வழி திறந்துவிடும். உள்ளறைக்குள் நீட்டுகிற கட்டி கரு தங்குவதைக் குறைக்கிறது, அதை எடுத்தால் வாய்ப்புக் கூடுகிறது, இதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. வெளிப்பக்கக் கட்டி பிள்ளை உண்டாவதைத் தடுப்பதாகத் தெரியவில்லை. உங்களுடைய அந்த 3 சென்டிமீட்டரை மறந்துவிடுங்கள், வேறு காரணத்துக்காக ஒப்பரேஷன் நடந்தால் அப்போது சேர்த்து எடுப்பதா என்று டொக்டர் பார்த்துக்கொள்வார். சண்டையெல்லாம் நடுச்சுவரில் இருக்கிற கட்டிக்குத்தான். அப்படி இருக்கிறவர்களுக்கு வாய்ப்புக் கொஞ்சம் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் எடுத்துவிட்டால் அந்த வாய்ப்புத் திரும்பி வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இன்னும் இல்லை. அதனால் 4, 5 சென்டிமீட்டருக்கு மேல் போனால் எடுக்கலாம் என்று சாய்கிற நிபுணர்களும் உண்டு, உட்படலம் நேராக இருந்தால் தொடாதே என்கிறவர்களும் உண்டு.

உங்களுக்கு வருகிற எட்டு நாள் இரத்தப்போக்கைப் பார்த்தால், அந்தப் பின்சுவர்க் கட்டி உள்ளறையை ஏதோ ஒரு விதத்தில் தொடுகிறது என்ற சந்தேகம் எனக்கு வருகிறது. சந்தேகம்தான், முடிவு இல்லை.

ஐந்து வருஷமா, அதில் பாதியா?

இதைச் சொன்னால் கோபம் வரலாம். கணவர் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வருகிறார், இரண்டு இரவு தங்குகிறார். மாதத்தில் நாலு நாள். முட்டை வெளியே வந்தால் ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும், விந்தணு உள்ளே ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கும், ஆகவே ஒரு மாதத்தில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறு. 27, 28 நாள் சுற்று என்றால் அது சுமார் 8ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வரும். உங்களுக்கு எட்டாம் நாள் வரை இரத்தமே நிற்பதில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். அவர் வருவது 14 நாளுக்கு ஒரு தடவை, உங்கள் சுற்று 28 நாள். இரண்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கிறது. அவர் உங்கள் மூன்றாம் நாளிலும் பதினேழாம் நாளிலும் வந்தால், அடுத்த மாதமும் கிட்டத்தட்ட அதே மூன்றும் பதினேழும்தான், அதற்கடுத்த மாதமும் அப்படித்தான். மாதக் கணக்கில் ஒரு தடவைகூடச் சரியான நாள் அமையாமல் போயிருக்கலாம். பள்ளிக்கூட லீவில் நீங்கள் கொழும்புக்குப் போன நாட்கள், பொங்கல், தீபாவளி எல்லாவற்றையும் சேர்த்தாலும், நீங்கள் ஐந்து வருஷம் என்று எழுதியதில் பாதிதான் உண்மையான முயற்சி என்று நான் நினைக்கிறேன். கொழும்பில் வேலை செய்கிற எத்தனையோ பேரின் வீட்டுக் கதை இது, கிளினிக்கில் ஐந்து நிமிஷத்தில் யாரும் கேட்பதில்லை.

அதற்காக, கட்டி கிடக்கட்டும், நாளைப் பார்த்துச் சேர்ந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. பாதி என்று வைத்தாலும் முப்பது மாதம் ஆகிறது. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றாலே பரிசோதிக்க வேண்டும் என்பதுதான் விதி. குறை என்னிடம்தான் என்று நீங்களே எழுதிய தீர்ப்பை மட்டும் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்கிறேன். பார்மசியில் முட்டை வெளியாகும் நாளைக் காட்டுகிற சிறுநீர்ப் பட்டி கிடைக்கும், அதில் இரண்டாவது கோடு அழுத்தமாக வந்தால் அடுத்த ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளியாகும். பரிசோதனைகள் நடக்கிற மாதங்களில் அந்த நாட்களுக்கு அவர் லீவு போட முடியுமா என்று பேசிப் பாருங்கள். அவருடைய பயணத்தை ஒரு கிழமை முன்னே பின்னே மாற்றுவதற்குச் செலவு பஸ் காசு மட்டும்தான்.

முடிவெடுக்கும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் அவருடைய விந்துப் பரிசோதனை. ஊருக்கு வந்து செய்ய வேண்டியதில்லை, கொழும்பிலேயே நல்ல ஆய்வுகூடத்தில் கொடுக்கலாம், இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு. 2021 இல் உலக சுகாதார நிறுவனம் தந்த கீழெல்லை, ஒரு மில்லிலீட்டரில் 160 இலட்சம் விந்தணு, அதில் அசைகிறவை 42 சதவீதம். ஒரு தடவை குறைவாக வந்தால் இடிந்துபோக வேண்டாம், காய்ச்சல் அடித்தாலே குறையும், இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். மிகக் குறைவாக வந்தால் முழுத் திட்டமும் மாறும், ஐவிஎஃப் எப்படியும் தேவை என்றாகிவிடும்.

அடுத்து அந்தக் கேள்விக்குறி. உப்புநீரை மெல்லச் செலுத்திக்கொண்டு செய்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது, உள்ளறை விரிந்து, எது நீட்டுகிறது, எது நீட்டவில்லை என்று தெளிவாகக் காட்டும். அல்லது ஹிஸ்டரொஸ்கொபி, பிறப்பு வழியாக மெல்லிய கமராவை விட்டு நேரடியாகப் பார்ப்பது. இரண்டும் கிடைக்காவிட்டால் எம்ஆர்ஐ. உங்கள் கிளினிக்கில் வசதி இல்லையென்றால் கண்டிக்கோ பேராதனைக்கோ கடிதம் கேளுங்கள்.

மூன்றாவது, கருக்குழாய்கள். சாயம் செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் திறந்திருக்கிறதா என்று தெரியும். இரண்டும் அடைபட்டிருந்தால் கட்டியை எடுத்தாலும் இயற்கையாகத் தங்காது, ஐவிஎஃப்தான் வழி.

நாலாவது, உங்கள் முட்டைக் கையிருப்பு. ஏஎம்எச் என்ற இரத்தப் பரிசோதனை, மாதத்தில் எந்த நாளிலும் கொடுக்கலாம். இது எத்தனை முட்டை மிச்சம் என்று ஒரு கணிப்புத் தரும், முட்டை நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லாது. அதை வயதுதான் சொல்லும். கூடவே தைரொயிட். அப்புறம் உங்கள் இரத்த அணுக்களின் அளவு சிறிசாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், இரும்புச்சத்து மாத்திரை மாதக் கணக்கில் போட்டும் ஹீமோகுளோபின் ஏறாத சிலருக்குக் காரணம் அதுதான். நீங்கள் அதன் காவி (கரியர்), அதாவது பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர் என்று வந்தால் அவரையும் பார்க்க வேண்டும், பிள்ளைக்கு முன்பே.

இதெல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் முடியக்கூடிய வேலை. முதலில் இதற்கு ஓடுங்கள்.

8.9 ஐ ஏற்றுகிற வேலை இன்றைக்கே

பிள்ளை, ஐவிஎஃப் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வையுங்கள். பெண்ணுக்கு 12 இருக்க வேண்டிய இடத்தில் 8.9 வைத்துக்கொண்டு மலையேறி இறங்கிப் பாடம் நடத்துகிறீர்கள். இந்த அளவோடு ஒப்பரேஷனுக்குப் போனால் இரத்தம் ஏற்ற வேண்டிவரும், இதே அளவோடு கர்ப்பமானால் இன்னும் மோசம்.

மாத்திரை போடுகிறேன், ஏறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எதோடு போடுகிறீர்கள் என்று நான் ஊகிக்கிறேன்: காலையில் சாயத்தோடு, அதாவது வெறும் தேத்தண்ணியோடு. நம்ம ஊரில் தேத்தண்ணி இல்லாமல் விடியாது, தெரியும். ஆனால் தேயிலையில் இருக்கிற துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது, பால் தேத்தண்ணி என்றாலும் அப்படித்தான். மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் விடுங்கள். தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள், அது இரும்பு சேர உதவும். கல்சியம் மாத்திரையோடு சேர்க்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போட முடியுமா என்று கேளுங்கள், அதுவும் வேலை செய்யும். அதுவும் முடியாவிட்டால் நரம்பு வழியாக இரும்பு ஏற்றலாம்.

இரத்தம் போகிற நாட்களில் மட்டும் போடுகிற டிரனெக்சாமிக் அசிட் என்ற மாத்திரை இருக்கிறது, போக்கைக் குறைக்கும், கரு உண்டாவதைத் தடுக்காது. முன்பு எப்போதாவது காலில் இரத்தம் உறைந்திருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஹோர்மோன் மாத்திரையும் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் லூப்பும் போக்கை நன்றாக நிறுத்தும், ஆனால் அவை கருத்தடையும் கூட, உங்களுக்குப் பொருந்தாது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைகிறது, மயக்கம் வருகிறது என்றால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம், இரவென்றாலும் வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.

ஒப்பரேஷன் என்றால் எது, அதன் விலை என்ன

விலை என்றால் காசு இல்லை. அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷன் இலவசம், ஐவிஎஃப் பெரும்பாலும் கைக்காசுதான். இதனால்தான், இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்ற உங்கள் கணக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டியை எடுக்க வேண்டி வந்தால் டிக்கோயா, நுவரெலியா, கண்டி என்று அரசாங்கப் பக்கமே போங்கள், சீட்டுக் காசைத் தொட வேண்டாம். வரிசையில் காத்திருக்க வேண்டும்தான், அந்தக் காத்திருப்பில் இரத்தத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

கட்டி உள்ளறைக்குள் நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் ஹிஸ்டரொஸ்கொபி வழியாகவே சீவி எடுக்கலாம், வயிற்றில் வெட்டு இல்லை, சில நாளில் வேலைக்குப் போகலாம், இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளைக்கு முயலலாம். ஆனால் 5 சென்டிமீட்டரில் பெரும்பகுதி சுவருக்குள் இருந்தால் அந்த வழி எட்டாது. வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்கிற லெப்ரொஸ்கொபி, அல்லது திறந்து செய்வது. திறந்து செய்தால் ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது. தண்ணிக் குடம், விறகு, காஸ் சிலிண்டர் எல்லாம் பாரம்தான், மாமியாருக்கு இதை டொக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கர்ப்பப்பைச் சுவர் ஆற மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். கட்டியை எடுக்கப் போய்க் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வருவது, பழக்கப்பட்ட கையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இரத்தப்போக்கு அடங்காவிட்டால் உயிரைக் காக்க அப்படிச் செய்வார்கள். மாமியார் யாரையாவது பார்த்திருப்பார், அந்தக் காலத்தில் பிள்ளைகள் பெற்று முடித்தவர்களுக்கு முழுசாக எடுத்ததையும், உங்களுக்குச் செய்யப் போவதையும் ஒன்றாக நினைக்கிறார். இரண்டும் வேறு ஒப்பரேஷன். கேன்சர் பயமும் அப்படித்தான், பைப்ரொயிட் என்பது கர்ப்பப்பைத் தசையிலிருந்து வளர்கிற சாதாரணக் கட்டி, ஐம்பது வயதுக்குள் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றாவது வந்துவிடும், பலருக்குத் தெரிவதே இல்லை. உங்கள் வயதில் அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. கஷாயம் கட்டியைக் கரைத்ததற்கு ஆதாரம் இல்லை, குடித்தே ஆக வேண்டும் என்றால் என்ன மூலிகை என்று மயக்க மருந்து கொடுக்கிறவருக்குச் சொல்லுங்கள், ஒளிக்க வேண்டாம்.

உண்மையில் நான் பயப்படுகிற விஷயங்கள் வேறு, அவற்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்று, ஒப்பரேஷனுக்குப் பிறகு உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற ஒட்டல்கள் உண்டாகலாம், அது குழாயையே பாதிக்கலாம், அதாவது பிள்ளைக்காகச் செய்த ஒப்பரேஷனே பிள்ளைக்கு இடைஞ்சலாகலாம். தேவையில்லாமல் வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இரண்டு, ஆழமாக வெட்டித் தைத்த கர்ப்பப்பை பிரசவ வலியில் கிழியும் ஆபத்துக் கொஞ்சம் உண்டு, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான், ஆனாலும் வந்தால் பொல்லாதது. அதனால் பெரும்பாலும் சிசேரியன் சொல்வார்கள். தியேட்டரும் இரத்த வங்கியும் இருக்கிற பெரிய வைத்தியசாலையில்தான் பிள்ளை பெற வேண்டும், வலி வரட்டும் பார்ப்போம் என்று தோட்டத்தில் இருக்க முடியாது. வைத்தியசாலையிலிருந்து வரும்போது தருகிற டயக்னோசிஸ் கார்டில் எவ்வளவு ஆழம் வெட்டினார்கள், உள்ளறை திறக்கப்பட்டதா என்று எழுதித் தரச் சொல்லி அதை ஆயுளுக்கும் பத்திரமாக வையுங்கள். மூன்று, சிறிய கட்டிகள் சில வருஷத்தில் திரும்ப வரலாம். ஆகவே எடுத்த பிறகு, ஆறட்டும், வீடு கட்டி முடிக்கட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

கட்டியைச் சுருக்க மூன்று மாதம் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், ஒப்பரேஷனுக்கு முன் இரத்தத்தை ஏற்ற அது உதவும், தனியாக அதுவே வைத்தியம் இல்லை, நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும். இரத்தக் குழாயை அடைத்துக் கட்டியைக் காயவைக்கிற முறை பிள்ளை வேண்டும் என்கிறவர்களுக்கு வழமையாகச் சொல்லப்படுவதில்லை.

ஐவிஎஃப் முதலில் என்றால்

ஐவிஎஃப் செய்தால் கட்டியைத் தாண்டிப் போய்விடலாம் என்று நீங்கள் விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முட்டையும் விந்தும் சேர்வது வெளியே, சரி. ஆனால் கருவைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பது இதே கர்ப்பப்பையில், இதே சுவருக்குப் பக்கத்தில். உள்ளறை நெளிந்திருந்தால் உங்கள் சீட்டுக் காசில் உண்டான கருவுக்கும் அதே கஷ்டம்தான்.

கண்டி டொக்டரின் கவலையில் நியாயம் இருக்கிறது. 36 இல் ஆறு மாதம் போவது பெரிய நட்டம் இல்லை, ஆனால் வரிசையில் ஒரு வருஷம், ஆற ஆறு மாதம், அப்புறம் யோசிக்க ஆறு மாதம் என்று 38 தாண்டிவிட்டால் அது நட்டம்தான். ஏஎம்எச் மிகக் குறைவாக வந்தால் இரண்டு டொக்டரும் சொல்லாத இன்னொரு வழி இருக்கிறது: முதலில் முட்டையை எடுத்துக் கருவாக்கி உறையவைப்பது, அப்புறம் ஒப்பரேஷன், ஆறிய பிறகு அந்தக் கருவை வைப்பது. வயது அந்த இடத்தில் நின்றுவிடும், கர்ப்பப்பைக்கும் நேரம் கிடைக்கும். இதற்குச் செலவு அதிகம், வருஷா வருஷம் பாதுகாப்புக் கட்டணமும் உண்டு, முழுத் தொகையை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். முட்டை எடுப்பதும் ஹீமோகுளோபின் ஏறிய பிறகுதான்.

சரி, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டால்: உள்ளறை நெளிந்திருந்தால் கட்டியை முதலில் எடுங்கள், கிளினிக் டொக்டர் சொன்னதுதான் சரி. நெளியவில்லை, குழாய் திறந்திருக்கிறது, அவருடைய ரிப்போர்ட்டும் நல்லது என்றால் ஒப்பரேஷனும் வேண்டாம், ஐவிஎஃப்பும் வேண்டாம், இரத்தத்தை ஏற்றிக்கொண்டு ஆறு மாதம் சரியான நாட்களில் முயலுங்கள். அந்த நிலையிலும் மூன்று மாத மருந்துக்கு இரத்தப்போக்கு அடங்கவில்லை என்றால் நான் ஒப்பரேஷன் பக்கம் சாய்வேன், உங்கள் உடம்புக்காக. பிள்ளைக்காக என்று அப்போது சொல்ல மாட்டேன். குழாய் அடைப்பு, அல்லது அவருடைய எண்ணிக்கை மிகக் குறைவு என்றால் கண்டி டொக்டர் சொன்னதுதான் வழி, உள்ளறையைச் சரிபார்த்த பிறகு. கட்டியோடே கர்ப்பமானாலும் பெரும்பாலானவர்களுக்கு நல்லபடியாகத்தான் முடிகிறது, நடுவில் கட்டி வலிக்கலாம், பிள்ளை குறுக்காக நிற்கலாம், கொஞ்சம் முந்திப் பிறக்கலாம், பெற்ற பிறகு இரத்தம் கூடப் போகலாம், கிளினிக்கில் சொல்லி வைத்தால் தயாராக இருப்பார்கள்.

இன்னொன்று. சம்மதப் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது, மாமியாருடையது இல்லை. அந்தப் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்து விளங்கவில்லை என்றால் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள், 1987 இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, இது சலுகை கேட்பது ஆகாது. "கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தால் எந்த நிலையில் எடுப்பீர்கள்?" என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த சக ஆசிரியை ஒருவரைக் கூட்டிப் போவதும் நல்லது.

உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் ஃபோலிக் அசிட் கேட்டு இப்போதே தொடங்குங்கள், ருபெல்லா ஊசி போட்டீர்களா என்று அட்டையைப் பாருங்கள். அப்புறம் கணவரிடம் விந்துப் பரிசோதனையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று தயங்காதீர்கள், "டொக்டர் இரண்டு பேருடைய ரிப்போர்ட்டும் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது என்கிறார்" என்று என் தலையில் போட்டுவிடுங்கள். உப்புநீர் ஸ்கேனும் அவருடைய ரிப்போர்ட்டும் வந்ததும் திரும்ப எழுதுங்கள், நம்பரையும் போட்டு.